வீட்டுக் கணக்கா, கடைக் கணக்கா?

சித்திரை பிறந்தால் வெள்ளகோவில் பக்கத்துக் கண்ணபுரம் களை கட்டும். மாரியம்மன் கோயில் திருவிழா வரும். திருவிழாவோடு மாட்டுச் சந்தையும் வரும். காங்கேயம் காளைகள் வரிசையாக நிற்கும்.

அந்தச் சந்தையில் மாடு விற்க இரண்டு வகை ஆட்கள் வருவார்கள்.

ஒருவர் விவசாயி. வீட்டில் வளர்ந்த ஒரு ஜோடிக் காளையை ஓட்டி வந்திருப்பார். மகள் கல்யாணமோ, கிணறு வெட்டும் செலவோ இருக்கும். மாடு விற்றால் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த சந்தைக்கு வரமாட்டார்.

இன்னொருவர் வியாபாரி. சித்திரையில் கண்ணபுரம், ஆடியில் அந்தியூர் என்று சந்தை சந்தையாகப் போவார். வாங்குவார், விற்பார். அதுவே அவர் பிழைப்பு.

இரண்டு பேரும் நல்லவர்கள்தான். இரண்டு பேரும் துண்டுக்குள் கை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள். ஆனாலும் விவரம் தெரிந்தவர் மாட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"வீட்டு மாடுங்களா, வியாபார மாடுங்களா?"

பதிலைப் பொறுத்துத்தான் பேச்சு நடக்கும். நம்பிக்கையும் அதைப் பொறுத்ததே.

இப்போது சந்தை கைபேசிக்குள் வந்துவிட்டது. துண்டும் இல்லை, விரலும் இல்லை. விற்பவர் முகமும் தெரியாது. ஆனால் அந்தப் பழைய கேள்வி மட்டும் போகவில்லை.

வீட்டுக் கணக்கா? கடைக் கணக்கா?

மாமனார் சொன்ன யோசனை

வெள்ளகோவிலில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாமனாருக்கு நாலு விசைத்தறி. கூலிக்கு நெசவு. மருமகள் படித்தவள். தறிக்காரர்களிடம் துண்டும் படுக்கை விரிப்பும் வாங்கிக் கைபேசி மூலம் விற்கலாம் என்று நினைக்கிறாள்.

"மாமா, பழைய சாமான் விக்கிற பக்கத்துல போட்டா ஒரு கேள்வியும் இல்லீங்க. பெரிய சந்தையில சேரப் போனா பான் நம்பர், ஜி.எஸ்.டி. நம்பர் எல்லாம் கேக்குறாங்க. எதுல சேரட்டுங்க?"

"கேள்வி இல்லாத பக்கத்துலயே போடு அம்மணி. வியாபாரம்னு சொன்னா வரி கேப்பாங்க, கட்டணம் கேப்பாங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

கொங்கு நாட்டில் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வாங்கி வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்கள் உண்டு. வேலை முடிந்து வந்து இரவில் பார்சல் கட்டும் இளைஞர்களும் உண்டு.

மாமனார் அனுபவஸ்தர். ஆனால் அவர் சொன்ன யோசனை சரியல்ல. பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி வீண் பயம்.

எது வியாபாரம்?

வீட்டில் ஒரு பழைய சைக்கிள் இருக்கிறது. பையன் வளர்ந்துவிட்டான். சைக்கிளை ஓ.எல்.எக்ஸ். போன்ற இடத்தில் போட்டு விற்கிறார்கள். இது வியாபாரம் அல்ல.

மாதந்தோறும் 50 துண்டு வாங்கி, லாபம் வைத்து, திரும்பத் திரும்ப விற்கிறார்கள். விற்பது வீட்டுத் திண்ணையில்தான். போர்டு இல்லை, கல்லாப் பெட்டி இல்லை. ஆனாலும் இது வியாபாரம்.

இடத்தையும் போர்டையும் வைத்து வியாபாரத்தை அளப்பதில்லை. வழக்கமாகச் செய்கிறாரா என்பதே அளவுகோல்.

மத்திய அரசாங்கம் 2020 ஜூலையில் மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. ஒருவர் தம் சொந்த முறையில் ஏதோ ஒன்றை விற்றால் அந்த விதிகள் அவரைத் தொடாது. ஒழுங்காக, முறையாக, தொழிலாக விற்றால் தொடும். சட்டம் போட்ட கோடு இதுதான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் என்ன கடமை?

பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும். குறை கேட்க ஓர் ஆளைக் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "வந்து சேர்ந்தது" என்று பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கிழிந்த பொருளை அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது. வாங்கியவர் போல வேஷம் போட்டுத் தன் சரக்கைத் தானே புகழ்ந்து எழுதக் கூடாது.

இதில் எது பாரம்? நல்ல கடைக்காரர் சட்டம் இல்லாமலே இதைச் செய்து வந்திருக்கிறார்.

வியாபாரி வீட்டு ஆளைப் போல ஒளிந்து நின்றால் நஷ்டம் யாருக்கு? வாங்கியவருக்கு! துண்டு இரண்டாம் நாளே சாயம் போகும். கேட்க ஆள் இருக்காது.

கட்டணம் எத்தனை வகை?

மாமனார் பயந்த இரண்டாவது விஷயம் கட்டணம். அதையும் பார்க்கலாம்.

மாட்டுச் சந்தையில் சுங்கம் உண்டு. தரகரைப் பிடித்தால் தரகு உண்டு. கைபேசிச் சந்தையிலும் உண்டு. பெயர்தான் வேறு.

விற்ற விலையில் ஒரு பங்கு எடுத்தால் அது கமிஷன். ஒவ்வொரு விற்பனைக்கும் இவ்வளவு என்று எடுத்தால் அது நிலைக் கட்டணம். பார்சல் அனுப்பும் செலவு உண்டு. வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அந்தச் செலவும் உண்டு. முதல் வரிசையில் பொருளைக் காட்ட விளம்பரக் கட்டணம் உண்டு. இந்தக் கட்டணங்களின் மேல் நூற்றுக்கு 18 ஜி.எஸ்.டி. உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருமகள் ஒரு ஜோடித் துண்டை 400 ரூபாய்க்கு விற்கிறாள். அடக்க விலை 250 ரூபாய். கமிஷனும் பார்சல் செலவும் சேர்ந்து 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் வரி 18 ரூபாய். ஆகப் போனது 118 ரூபாய்.

கைக்கு வந்தது 282 ரூபாய். அடக்கத்தைக் கழித்தால் மிச்சம் 32 ரூபாய்!

ஒரு ஜோடி திரும்பி வந்துவிட்டது. வந்த செலவு, வரியோடு சேர்த்து 95 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஜோடி விற்ற லாபம் ஒரே பார்சலில் போய்விட்டது!

கமிஷனை மட்டும் பார்த்து விலை வைத்தவர் இந்த இடத்தில்தான் விழுகிறார். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. பார்சலில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும்.

கமிஷன் இல்லை என்றால்?

"இப்போது கமிஷனே இல்லையாமே!" என்று சிலர் சொல்வார்கள்.

உண்மைதான். மீஷோ 2021-இல் கமிஷன் வேண்டாம் என்று அறிவித்தது. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் குறைந்த பல வகைப் பொருள்களுக்குக் கமிஷனை எடுத்தது. பிளிப்கார்ட் அதே ஆண்டு நவம்பரில் 1,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள்களுக்கு அப்படி அறிவித்தது. சின்ன வியாபாரிக்கு இது நல்ல செய்தி.

ஆனால் கமிஷன் இல்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தமல்ல. பார்சல் செலவு, திரும்பி வரும் செலவு, விளம்பரச் செலவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இந்த விகிதங்கள் அடிக்கடி மாறும். சேருகிற நாளில் கட்டண அட்டவணையைத் திறந்து படிக்க வேண்டும். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கு இந்த வருஷம் உதவாது.

வெளிநாட்டில் நடந்ததையும் பாருங்கள்.

ஈபே என்பது பழம் பெரும் இணையச் சந்தை. அதன் இந்தியக் கடை 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. மற்ற நாடுகளில் நடக்கிறது. அங்கே தனி ஆள் கணக்கு வேறு, வியாபாரக் கணக்கு வேறு.

ஜெர்மனியில் 2023 மார்ச் முதல் தனி ஆட்களுக்கு விற்பனைக் கட்டணம் இல்லை என்று ஈபே அறிவித்தது. இங்கிலாந்தில் 2024 அக்டோபரில் அதே அறிவிப்பு வந்தது. வியாபாரிகளுக்கு மட்டும் கட்டணம் தொடர்ந்தது.

பிறகு என்ன நடந்தது? 2025 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஒரு புதுக் கட்டணம் வந்தது. தனி ஆளிடம் வாங்குகிறவர் "பாதுகாப்புக் கட்டணம்" கொடுக்க வேண்டும் என்றார்கள். விற்றவர் தலையிலிருந்து இறங்கிய சுமை வாங்கியவர் தலையில் ஏறியது!

கட்டணம் மறைவதில்லை. இடம் மாறுகிறது.

இப்படி இரண்டு கணக்கு இருந்தால் ஓர் ஆசையும் பிறக்கும். வியாபாரி தனி ஆள் வேஷம் போட்டால் கட்டணம் மிச்சம். சரக்கைத் திருப்பி வாங்கும் பொறுப்பும் மிச்சம். இங்கிலாந்தில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருளை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஆகையால் அங்கே அரசாங்கம் விழித்துக்கொண்டது. 2024 முதல், ஆண்டில் 30 பொருளோ அதற்கு மேலோ விற்பவர் விவரத்தைச் சந்தை நடத்துபவரே வரி இலாகாவுக்குத் தருகிறார்.

ஒளிந்து விற்கும் காலம் எல்லா ஊரிலும் முடிந்து வருகிறது.

2023-இல் திறந்த கதவு

இனி மாமனாரின் பெரிய பயத்துக்கு வருவோம். அதுதான் ஜி.எஸ்.டி.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. கடைத் தெருவில் விற்கும் சின்ன வியாபாரிக்குச் சலுகை இருந்தது. குறிப்பிட்ட தொகை வரை விற்றால் பதிவு வேண்டாம். ஆனால் அதே சரக்கை இணையச் சந்தை மூலம் விற்றால், ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டும் என்று விதி இருந்தது.

இது அநியாயம் என்று சின்ன வியாபாரிகள் பக்கத்தில் குரல் எழுந்தது. 2022 ஜூனில் சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் விதியைத் தளர்த்தச் சம்மதித்தது. 2023 அக்டோபர் 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

இப்போது நிலைமை என்ன?

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. நாளுக்கு ஏறக்குறைய 11 ஆயிரம் ரூபாய் விற்பனை! துண்டு ஜோடி 400 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 10 ஆயிரம் ஜோடி. அந்த அளவுக்குள் இருப்பவர் பதிவு இல்லாமலே இணையச் சந்தையில் விற்கலாம்.

நிபந்தனைகள் உண்டு. பான் எண் வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தம் விலாசத்தைச் சொல்லி ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். ஒரே மாநிலத்திலிருந்துதான் விற்க வேண்டும். அந்த மாநிலத்துக்குள்ளேயே விற்க வேண்டும்.

சட்டம் இடம் கொடுத்தாலும் சேர்ப்பதும் மறுப்பதும் சந்தை நடத்துபவர் இஷ்டம். மீஷோ போன்ற சந்தை பதிவு இல்லாதவரையும் சேர்க்கிறது. சேரும் முன் விசாரிப்பது நல்லது.

மற்றொரு எச்சரிக்கை. ஒரே பான் எண்ணில் வரும் எல்லா வியாபாரமும் சேர்ந்துதான் இந்த 40 லட்சம். கூலிக்கு நெசவு என்பது பொருள் விற்பனை அல்ல, சேவை. தறிக் கூலியும் துண்டு விற்பனையும் ஒரே ஆள் பெயரில் நடந்தால் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். மாமனார் தறி மாமனார் பெயரில், மருமகள் விற்பனை மருமகள் பெயரில் இருந்தால் கணக்குத் தெளிவாக இருக்கும்.

வருமான வரிப் பிடித்தமும் பயப்படும்படி இல்லை. இணையச் சந்தை பிடிக்கும் தொகை 2024 அக்டோபர் முதல் நூற்றுக்குப் பத்துக் காசுதான். ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் விற்காத தனி நபர் பான் அல்லது ஆதார் எண் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது. சுவர் ஏறிக் குதிப்பானேன்?

பதிந்தால் நஷ்டமா?

பதிவு செய்துகொண்டால் வரி போய்விடும் என்று மாமனார் நினைக்கிறார். மேலே சொன்ன 400 ரூபாய்த் துண்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை விலையுள்ள துணிமணிக்கு வரி நூற்றுக்கு 5. விலை 400 ரூபாய் என்றால் அதற்குள் அடங்கிய வரி ஏறக்குறைய 19 ரூபாய்.

சந்தைக் கட்டணத்தின் மேல் மருமகள் கொடுத்த வரி 18 ரூபாய். பதிவு செய்தவர் அதைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் ஒரு ரூபாய். சரக்கு வாங்கும்போது பில்லோடு கொடுத்த வரியையும் கழித்தால் அந்த ஒரு ரூபாயும் இல்லை!

பதிவு செய்யாதவருக்கு? அந்த 18 ரூபாய் போனது போனதுதான். மாதம் 100 ஜோடி விற்றால் 1,800 ரூபாய்.

"பதியாவிட்டால் வரி மிச்சம்" என்பது முழு உண்மை அல்ல என்று இதில் தெரியும்.

சந்தை நடத்துபவர் ஜி.எஸ்.டி.க்காக நூற்றுக்கு 50 காசு பிடிப்பார். 2024 ஜூலைக்கு முன் ஒரு ரூபாய் பிடித்தார்கள். இதுவும் தொலைந்து போகாது. பதிவு செய்தவர் கணக்கில் வரவாக ஏறும். பதிவு செய்யாதவரிடம் இதைப் பிடிப்பதே இல்லை.

அப்படியானால் உண்மையான பாரம் எது?

கணக்கு எழுதும் பாரம்தான்! விவரப் பத்திரங்களைத் தேதி தவறாமல் அனுப்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 20 ரூபாய். கணக்கருக்குச் சம்பளம் தனி. மாதம் 20 ஜோடி விற்பவருக்கு லாபம் 640 ரூபாய். அதில் கணக்கருக்கு எதைக் கொடுப்பது?

ஆகவே மாமனார் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பயப்பட வேண்டியது வரிக்கு அல்ல, காகிதத்துக்கு.

இந்தக் காகிதத்துக்குப் பயந்து சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். மச்சான் ஜி.எஸ்.டி. எண்ணில் விற்பார்கள். சிநேகிதர் எண்ணை வாடகைக்கு எடுப்பார்கள். இது ஆபத்து. அந்த எண்ணில் நடந்த ஒவ்வொரு விற்பனைக்கும் எண்ணுக்கு உரியவர்தான் பதில் சொல்ல வேண்டும். நோட்டீஸ் மச்சான் வீட்டுக்கு வரும். பிறகு உறவும் போகும், வியாபாரமும் போகும்.

பாலக்காடு பக்கமா, சென்னை பக்கமா?

இத்தனை சொன்ன பிறகும் ஒரு முள் பாக்கி இருக்கிறது. சட்டத்தில் இருக்கிற முள்.

பதிவு இல்லாத வெள்ளகோவில்காரர் சென்னைக்குப் பார்சல் அனுப்பலாம். தூரம் 400 கிலோமீட்டருக்கு மேல். பாலக்காட்டுக்கு அனுப்பக் கூடாது. தூரம் சுமார் 150 கிலோமீட்டர்!

ஏன்? நடுவில் மாநில எல்லை இருக்கிறது.

கோடு எப்போதும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வெள்ளகோவில் முன்பு ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. 2009-இல் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்தது. மாவட்டக் கோடு மாறியது. தறி ஓடிய ஓட்டம் மாறவில்லை.

வாளையாரில் ஒரு காலத்தில் லாரிகள் வரிசை வரிசையாக நின்றன. ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. நாடு முழுவதும் ஒரே சந்தை என்றார்கள். நல்லதுதான். ஆனால் பெரிய லாரிக்குத் திறந்த எல்லை சின்னப் பார்சலுக்குத் திறக்கவில்லை!

விந்தை இன்னும் இருக்கிறது. சேவை செய்பவருக்கு இந்தத் தடை இல்லை. வெள்ளகோவிலில் உட்கார்ந்து துணிக்குப் படம் வரைந்து கொடுப்பவர் ஆண்டுக்கு 20 லட்சம் வரை கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் வேலை செய்யலாம். பதிவு வேண்டாம். படம் எல்லை தாண்டலாம். அந்தப் படத்தைப் பார்த்து விசைத்தறியில் நெய்த துண்டு தாண்டக் கூடாது!

பாலக்காட்டுக்காரர் ஒருவர் வீரக்குமாரசாமி கோயில் தேருக்கு வருகிறார். திரும்பும்போது கடைத் தெருவில் ஒரு துண்டு வாங்குகிறார். கடைக்காரர் விலாசம் கேட்பதில்லை. அது உள்ளூர் விற்பனை. பதிவு வேண்டாம். ஊருக்குப் போன பிறகு அதே துண்டுக்குக் கைபேசியில் ஆர்டர் போட்டால் அது வெளிமாநில விற்பனை. பதிவு வேண்டும்.

பஸ்ஸில் போனால் ஒரு சட்டம். பார்சலில் போனால் ஒரு சட்டம்!

இந்தத் தடைக்கு ஆதரவாக இரண்டு வாதங்கள் சொல்வார்கள்.

முதல் வாதம்: வெளிமாநிலத்துக்குப் போன சரக்குக்குத் தடயம் இருக்காது. வரி ஏய்ப்பு நடக்கும்.

இதற்குப் பதில் சந்தையிலேயே இருக்கிறது. யார் விற்றார், எந்த ஊருக்குப் போனது, எவ்வளவு பணம் என்பதெல்லாம் சந்தை நடத்துபவர் கையில் இருக்கிறது. பதிவு இல்லாதவர் விற்பனை விவரத்தையும் அவர் அரசாங்கத்துக்குத் தர வேண்டும் என்று 2023 விதியே சொல்கிறது. தெருக் கடையில் இல்லாத தடயம் இங்கே இருக்கிறது. தடயம் இல்லாத கடைக்குச் சலுகை, தடயம் உள்ள பார்சலுக்குத் தடை என்றால் என்ன நியாயம்?

இரண்டாவது வாதம்: வாடகை கொடுத்துக் கடை நடத்துபவர் வயிற்றில் அடிப்பதாகும்.

இல்லை. கடைக்காரருக்கும் அதே 40 லட்சம் வரம்பு இருக்கிறது. எல்லை திறந்தால் அவரும் கைபேசியில் பாலக்காட்டுக்கு விற்கலாம். கதவு இருவருக்கும் சேர்ந்தே திறக்கும்.

அரசாங்கம் 2023-இல் ஓர் அடி எடுத்து வைத்தது. அடுத்த அடியையும் வைக்க வேண்டும். 40 லட்சத்துக்குள் 10 லட்சம் வரையாவது வெளிமாநிலத்துக்கு விற்க வழி செய்யலாம். ஒருவருடைய விற்பனை வரம்பைத் தொட்டால் சந்தை நடத்துபவரே நிறுத்திவிடட்டும்.

இன்று என்ன செய்யலாம்?

சட்டம் மாறும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து விற்பவர் செய்யக் கூடியவை இவை.

பழைய சாமானைப் பழைய சாமான் விற்கும் இடத்தில் விற்கலாம். வழக்கமான வியாபாரத்தை விற்பனையாளர் என்று சொல்லியே நடத்த வேண்டும்.

ஒரு நோட்டுப் போட வேண்டும். தேதி, பொருள், விற்ற விலை, அடக்கம், கட்டணம், கைக்கு வந்தது ஆகியவற்றை எழுத வேண்டும். திரும்பி வந்ததைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். மூன்று மாதம் எழுதினால் எந்தச் சந்தை லாபம், எது நஷ்டம் என்று நோட்டே சொல்லும்.

வீட்டுச் செலவுப் பணமும் வியாபாரப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பவர், அளவு சிறியது என்றால், சேர்க்கை எண் போதும். வெளிமாநில ஆர்டர் அதிகம் வருகிறது, கட்டணத்தின் மேல் கொடுக்கும் வரியும் அதிகம் என்றால் பதிவே மேல். பதிவு செய்ய அரசாங்கம் காசு வாங்குவதில்லை. ஆயிரக்கணக்கில் அரசாங்கக் கட்டணம் என்று யாராவது கேட்டால் நம்பக் கூடாது.

வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை. விலை குறைவு என்று மட்டும் பார்க்காதீர்கள். விற்பவர் பெயர் இருக்கிறதா, விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள். மோசம் போனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

மாமனார் கேட்க வேண்டிய கேள்வி

அந்த வீட்டுக்கு ஒரு தடவை திரும்பிப் போகலாம்.

மருமகள் இந்தக் கணக்கையெல்லாம் நோட்டில் போட்டுக் காட்டினால் மாமனார் என்ன சொல்வார்? அவர் கண்ணபுரம் சந்தையில் மாடு பிடித்தவர். ஏமாற்று வியாபாரியையும் பார்த்திருப்பார், நேர்மையான வியாபாரியையும் பார்த்திருப்பார். மாட்டுக்குப் பல் எத்தனை, சுழி எங்கே என்று உள்ளதைச் சொல்லி விற்றவரிடம்தான் மறு வருஷமும் போயிருப்பார்.

"அப்ப வியாபாரம்னே சொல்லி வில்லு அம்மணி. சொல்லி விக்கிறவனைத்தான் தேடி வருவாங்க."

"சரிங்க மாமா. பாலக்காட்டுக்காரங்க கேட்டா என்னங்க சொல்றது?"

அந்தக் கேள்விக்கு மாமனாரிடம் பதில் இல்லை. பதில் டெல்லியில் இருக்கிறது.

வியாபாரி என்று நெஞ்சு நிமிர்ந்து சொல்லிக்கொள்ள வீட்டுப் பெண்கள் தயார். அவர்கள் கட்டிய பார்சல் வாளையாரைத் தாண்ட அரசாங்கம் வழி விட வேண்டும்!